வாஸ்கோ ட காமா: மிளகு தேடி வந்த மாலுமியா, சிலுவைப்போர் வீரரா?

கம்பத்திலிருந்து குமுளிக்கோ, போடியிலிருந்து போடிமெட்டுக்கோ பஸ்ஸில் மலை ஏறியிருக்கிறீர்களா? கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து இடுக்கி மாவட்டத்துக்குள் நுழைந்ததுமே மிளகுக்கொடி கண்ணில் படும். சில்வர் ஓக் மரத்தையோ முள்முருங்கையையோ சுற்றிக்கொண்டு, ஒரு ஆர்ப்பாட்டமும் இல்லாமல் அது பாட்டுக்கு நிற்கும். பாலக்காட்டுப் பக்கம் இருப்பவர்கள் நெல்லியாம்பதி மலையில் இதையே பார்த்திருப்பீர்கள்.

இந்தக் கொடிக்காகத்தான் 500 வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவின் மேற்கு ஓரத்திலிருந்து ஒருவர் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு வந்தார். பெயர் உங்களுக்குத் தெரியும். வாஸ்கோ ட காமா. 1498, கோழிக்கோடு, கடல்வழி. பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்வி.

ஆனால் அந்த ஒரு மார்க் பதிலில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. காமா வெறும் மாலுமி இல்லை. சிலுவைப்போர்க் காலத்தில் பிறந்த ஒரு வீரத்துறவியர் சபையில் சத்தியம் செய்து சேர்ந்தவர். நடுவில் ஒரு சபையை விட்டு இன்னொரு சபைக்கு மாறியவர். அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அந்தச் சபைகள் எப்படி வளர்ந்தன, எப்படித் தேய்ந்தன என்பது தெரிந்திருக்க வேண்டும். கேரள மலைகளின் கதையும் அதோடு பின்னிக் கிடக்கிறது.

துறவியின் கையில் வாளா?

முதலில் டெம்ப்ளர்கள். 'டா வின்சி கோட்' படித்திருந்தாலோ, 'அசாசின்ஸ் கிரீட்' விளையாடியிருந்தாலோ இந்தப் பெயர் உங்களுக்குப் புதிதல்ல. புதையல், ரகசியச் சின்னம், மறைந்திருந்து உலகை ஆட்டிவைக்கும் கூட்டம் என்றெல்லாம் நாவல்களும் கேம்களும் சொல்லும். நிஜக் கதைக்கு அந்த ஜோடனை தேவையில்லை.

1099-ல் முதல் சிலுவைப்போரில் ஐரோப்பியர்கள் ஜெருசலேமைப் பிடித்தார்கள். யாத்திரிகர்கள் குவிந்தார்கள். வழியில் கொள்ளையும் கொலையும் நடந்தன. அவர்களைக் காப்பதற்காக 1119 வாக்கில் ஹியூ த பாயன்ஸ் என்ற பிரெஞ்சு வீரர் ஒரு சிறு குழுவைத் தொடங்கினார். ஜெருசலேம் அரசர் ஆலய மலையில் தங்க இடம் கொடுத்ததால் ஆலய வீரர்கள், அதாவது டெம்ப்ளர்கள் என்று பெயர் வந்தது.

இதில் புதுமை என்ன தெரியுமா? அதுவரை துறவி ஜெபம் செய்வார், வீரர் சண்டை போடுவார். இவர்கள் இரண்டையும் செய்தார்கள். சொந்தச் சொத்து இல்லை, திருமணம் இல்லை, தலைவர் சொல்லுக்கு மறுபேச்சு இல்லை. இந்த மூன்றும் துறவியின் சத்தியம். கூடவே இடுப்பில் வாள். 1129-ல் திருச்சபை இவர்களை முறையாக ஏற்றது. 1139-ல் போப்பாண்டவர் தந்த சலுகையால் உள்ளூர் ஆயர்களுக்குக்கூட இவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றானது.

தானமாக நிலங்கள் வந்தன. பிரான்ஸ், இங்கிலாந்து, ஸ்பெயின், போர்த்துகல் என்று எங்கும் கோட்டைகளும் பண்ணைகளும் சேர்ந்தன. பாரிஸில் பணத்தைக் கட்டி, கிழக்கே போய்ச் சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளும் வசதியையும் நடத்தினார்கள். அரசர்களுக்குக் கடன் கொடுத்தார்கள். உறுப்பினருக்குச் சொத்து கூடாது, ஆனால் சபைக்குச் சொத்து குவியலாம். இந்த முரண்தான் பின்னால் அவர்கள் கழுத்தைப் பிடித்தது.

1187-ல் ஜெருசலேம் கைவிட்டுப் போனது. 1291-ல் கடைசிப் பெரிய கோட்டை நகரமான ஏக்கரும் (Acre) விழுந்தது. எதற்காகத் தொடங்கினார்களோ அந்த வேலையே இல்லாமல் போயிற்று, சொத்து மட்டும் அப்படியே இருந்தது. கடனில் மூழ்கியிருந்த பிரெஞ்சு அரசர் நான்காம் பிலிப்பின் கண் அதன்மேல் விழுந்தது. 1307 அக்டோபர் 13 வெள்ளிக்கிழமை விடியற்காலை பிரான்ஸ் முழுக்க டெம்ப்ளர்களைக் கைது செய்தார்கள். மத துரோகம் என்று குற்றச்சாட்டு, சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலங்கள் ஆதாரம். 1312-ல் போப்பாண்டவர் சபையைக் கலைத்தார். 1314-ல் கடைசித் தலைவர் ஜாக் த மொலே பாரிஸில் உயிரோடு எரிக்கப்பட்டார்.

கலைத்த சபை போர்த்துகலில் எப்படிப் பிழைத்தது?

போர்த்துகலில் கதை வேறு. அங்கே டெம்ப்ளர்கள் 1120-களின் கடைசியிலேயே வேரூன்றியிருந்தார்கள். ஐபீரிய மண்ணில் முஸ்லிம் அரசுகளோடு நடந்த போர்களில் அரசருக்குத் தோள் கொடுத்தவர்கள். 1160-ல் தோமர் என்ற ஊரில் அவர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் நிற்கிறது.

அரசர் தினிஸ் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்தச் சொத்துகள் வேறு நாட்டு அமைப்புகள் கைக்குப் போனால் நாட்டுக்கு நஷ்டம். போப்பாண்டவரிடம் பேசினார். 1319-ல் கிறிஸ்து சபை என்ற பெயரில் புதிய வீரத்துறவியர் சபை பிறந்தது. டெம்ப்ளர்களின் நிலம் அதற்கு வந்தது, ஆட்களில் பலரும் வந்தார்கள், சிவப்புச் சிலுவையும் சிறு மாற்றத்தோடு வந்தது. சில பத்தாண்டுகளில் தலைமையகமும் பழைய தோமர் கோட்டைக்கே போய்விட்டது. போர்டு மாற்றிய கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒரு வித்தியாசம் மட்டும் முக்கியம். டெம்ப்ளர்கள் எந்த அரசருக்கும் கட்டுப்படாதவர்கள். கிறிஸ்து சபை தொடக்கத்திலிருந்தே போர்த்துகீசிய அரசரின் நிழலில் வளர்ந்தது.

அடுத்து ஒரு பிரச்சினை வந்தது. போர்த்துகல் 1249-லேயே தன் தென்கோடி வரை பிடித்து முடித்துவிட்டது. உள்நாட்டில் சண்டை போட ஆள் இல்லை. அப்போ சிலுவைப்போர்ச் சபைக்கு என்ன வேலை? பதில் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. 1415-ல் வட ஆப்பிரிக்காவின் செயுட்டாவைப் பிடித்தார்கள். 1420-ல் இளவரசர் ஹென்றி கிறிஸ்து சபையின் நிர்வாகி ஆனார். சபையின் வருமானம் மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் போன கப்பல்களுக்குத் துணையாக நின்றது. 1456-ல் போப்பாண்டவர் தந்த ஆணை, புதிதாகப் பிடிக்கும் கடல்கடந்த நாடுகளின் திருச்சபை அதிகாரத்தையே இந்தச் சபையிடம் ஒப்படைத்தது. ஜெருசலேமுக்குக் காவல் நிற்கப் பிறந்த ஒரு மரபு, கடல் வணிகத்தின் பங்குதாரராக மாறியது இப்படித்தான்.

காமா எந்தச் சபை ஆள்?

இங்கேதான் ஆச்சரியம். கிறிஸ்து சபையின் கொடியை இந்தியாவுக்குக் கொண்டுவந்த காமா, அப்போது அந்தச் சபையின் ஆள் இல்லை.

அவர் 1460-களில் சினிஸ் என்ற சிறு துறைமுக ஊரில் பிறந்தவர். சினிஸ் இன்னொரு வீரத்துறவியர் சபையான சந்தியாகு சபைக்குச் சொந்தமான ஊர். நம்ம ஊர்க் கத்தோலிக்கர்கள் சந்தியாகப்பர் என்று கும்பிடுகிறார்களே, அதே புனித யாகோபின் பெயரில் 1170-ல் ஸ்பெயின் பக்கம் பிறந்த சபை அது. அதில் சேர்ந்தவர்கள் தொடக்கத்திலிருந்தே திருமணம் செய்துகொள்ளலாம். காமாவின் அப்பா எஸ்தெவாவோ அந்தச் சபைத் தலைவரின் வீட்டில் சேவகம் செய்து சினிஸ் கோட்டையின் பொறுப்பாளர் ஆனவர். மகனும் 1480 வாக்கில் அதே சபையில் சேர்ந்தார். பெரிய பிரபுக் குடும்பம் இல்லை. சபைதான் அவர்களுக்கு வேலை, சம்பளம், அந்தஸ்து எல்லாம்.

1492-ல் அரசர் இரண்டாம் ஜோவாவோ, பிரெஞ்சுக் கப்பல்களைப் பறிமுதல் செய்யும் ஒரு காரியத்தை இந்த இளைஞரிடம் ஒப்படைத்தார். வேலை சுத்தமாக முடிந்தது. 1495-ல் மானுவல் அரசரானார். மானுவல் 1484-லிருந்தே கிறிஸ்து சபையின் தலைவர். சந்தியாகு சபையின் தலைவரோ, முந்தைய அரசருக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன் ஜோர்ஜ். அரியணைக்கு ஒரு காலத்தில் போட்டியாகப் பேசப்பட்டவர். ஆக இரண்டு சபைகள், இரண்டு அரசியல் முகாம்கள்.

எதிர் முகாமின் ஆளான காமாவை மானுவல் ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. ஒன்று மட்டும் தெளிவு. 1497 ஜூலை 8 அன்று லிஸ்பனிலிருந்து 4 கப்பல்கள், சுமார் 170 பேர் கிளம்பினார்கள். முந்தின இரவு பெலேமில் கிறிஸ்து சபையின் சிற்றாலயத்தில் ஜெபம் நடந்தது. மானுவல் கொடுத்த பட்டுக்கொடியில் இருந்தது கிறிஸ்து சபையின் சிலுவை.

1498-ல் கோழிக்கோட்டில் என்ன நடந்தது?

கிழக்கு ஆப்பிரிக்காவின் மலிந்தியில் ஒரு வழிகாட்டி கிடைத்தார். பருவக்காற்றைத் தெரிந்தவர். அரபிக்கடலைக் கடக்க நான்கு வாரம்கூட ஆகவில்லை. 1498 மே 20 அன்று கோழிக்கோட்டுக்கு அருகே கப்பாடு பக்கம் நங்கூரம் போட்டார்கள். முதலில் கரைக்கு அனுப்பப்பட்டவர் ஒரு தண்டனைக் கைதி. அவர் சந்தித்தது ஸ்பானிய மொழி தெரிந்த துனீசிய முஸ்லிம்களை. கடல்வழியைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று வந்தவர்களை வரவேற்றது, அந்தக் கடலில் பல நூற்றாண்டுகளாகப் புழங்கிய ஒரு உலகம்.

காமா தேடியது இரண்டு. மிளகு போன்ற வாசனைப் பொருட்கள் ஒன்று. இன்னொன்று, கிழக்கே எங்கேயோ இருப்பதாக ஐரோப்பா நம்பிய பிரஸ்டர் ஜான் என்ற கிறிஸ்தவப் பேரரசர். அவரோடு கைகோத்து முஸ்லிம் அரசுகளைப் பின்பக்கமாகத் தாக்கலாம், ஜெருசலேமை மீட்கலாம் என்பது மானுவலின் கனவு. அந்தக் கனவு எவ்வளவு ஆழமாக இருந்தது என்றால், கோழிக்கோட்டில் ஒரு இந்துக் கோவிலுக்குள் நுழைந்தபோது அதைக் கிறிஸ்தவ ஆலயம் என்றே நினைத்து முழங்காலிட்டார்கள். சிலருக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் ஊர் திரும்பிய பிறகும் இந்தியர்களில் பெரும்பாலோர் ஒருவகைக் கிறிஸ்தவர்கள் என்றுதான் நம்பினார்கள்.

சாமூதிரிக்குக் கொண்டுவந்த பரிசுகள் கோடுபோட்ட துணி, சிவப்புத் தலைமூடி, தொப்பி, பவளம், கைகழுவும் பாத்திரம், சர்க்கரை, எண்ணெய், தேன். மெக்காவிலிருந்து வரும் சாதாரண வியாபாரிகூட இதைவிட அதிகம் தருவார் என்று அரசு அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். சுங்கவரித் தகராறும் சேர்ந்தது. ஆட்களைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு, ஆகஸ்ட் 29 அன்று காமா கிளம்பினார்.

திரும்பும்போது பருவக்காற்று எதிர்த்தது. நான்கு வாரத்தில் கடந்த அதே கடலைக் கடக்க மூன்று மாதம் பிடித்தது. வைட்டமின் சி குறைபாட்டால் வரும் ஸ்கர்வி நோயில் ஈறு வீங்கி ஆட்கள் செத்தார்கள். ஓட்ட ஆள் இல்லாமல் ஒரு கப்பலை எரித்துவிட்டு வந்தார்கள். அண்ணன் பாவ்லோவை அசோர்ஸ் தீவில் புதைத்துவிட்டு 1499-ல் காமா லிஸ்பன் சேர்ந்தார். போனவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர்தான் உயிரோடு திரும்பினார்கள்.

1502: சிலுவைப்போர் நம் கரைக்கு வந்த வருடம்

முதல் பயணத்தை மட்டும் படித்தால் சாகசக் கதை. இரண்டாவது பயணத்தைப் படித்தால்தான் அவர் யாரென்று தெரியும்.

இடையில் 1500-ல் கப்ரால் தலைமையில் வந்த கப்பல்களுக்கும் கோழிக்கோட்டு வணிகர்களுக்கும் மோதல் வந்து, கரையில் இருந்த போர்த்துகீசியர் பலர் கொல்லப்பட்டார்கள். பதிலுக்குக் கப்ரால் நகரத்தின்மேல் குண்டு வீசினார். 1502-ல் காமா சுமார் 20 கப்பல்களோடு வந்தார். மெக்காவிலிருந்து யாத்திரிகர்களோடு திரும்பிக்கொண்டிருந்த 'மீரி' என்ற கப்பலை மடக்கினார். அதில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். பணம் தருகிறோம், சரக்கு தருகிறோம் என்று கெஞ்சினார்கள். பொருளைப் பறித்துக்கொண்டு, நூற்றுக்கணக்கானவர்களை உள்ளே வைத்துக் கப்பலுக்குத் தீ வைத்தார். சில குழந்தைகளை மட்டும் எடுத்துத் திருமுழுக்கு கொடுத்தார்கள். இதை எழுதி வைத்தவர்கள் எதிரிகள் அல்ல. அந்தப் படையிலேயே இருந்தவர்கள்.

அடுத்து கோழிக்கோடு. முஸ்லிம் வணிகர்களை நகரத்தைவிட்டே வெளியேற்ற வேண்டும் என்று சாமூதிரியிடம் கேட்டார். மறுத்ததும், பிடித்து வைத்திருந்த மீனவர்களைத் தூக்கில் போட்டார். நகரத்தைப் பீரங்கியால் அடித்தார்.

அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தானே என்று உங்களுக்குத் தோன்றலாம். கொடுமை புதிதல்ல, உண்மை. ஆனால் வணிகப் போட்டியாளரை மதத்தின் எதிரியாகப் பார்ப்பதும், அவரை அழிப்பதைப் புண்ணியமாக நினைப்பதும் இந்தச் சபைகள் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுத்த பாடம். யாத்திரிகர்களைக் காக்கத் தொடங்கிய மரபில் வந்த ஒருவர், யாத்திரிகர் கப்பலையே எரித்தார். யாத்திரிகர்கள் வேறு மதத்தவர். அவ்வளவுதான் வித்தியாசம்.

சொந்த ஊரே கிடைக்காத அட்மிரல்

இனி வருவது வேலைக்குப் போகும் எவருக்கும் புரியும் கதை.

முதல் பயணம் முடிந்ததும் மானுவல் காமாவுக்குப் பட்டம் கொடுத்தார், ஓய்வூதியம் கொடுத்தார். கூடவே அவர் பிறந்த சினிஸ் ஊரையும் பரம்பரைச் சொத்தாகத் தருவதாக வாக்களித்தார். ஆனால் சினிஸ் அரசருடையது இல்லை, சந்தியாகு சபையுடையது. எங்கள் ஊரைக் கொடுக்க அரசர் யார் என்று ஜோர்ஜ் மறுத்துவிட்டார். காமா விடவில்லை. குடும்பத்தோடு சினிஸில் குடியேறி, வீடு கட்டி, உரிமை கொண்டாடினார். 1507-ல் அரசரே அவரை ஊரைவிட்டு வெளியேறச் சொல்ல வேண்டியதாயிற்று.

அதே ஆண்டு காமா சந்தியாகு சபையை விட்டுக் கிறிஸ்து சபைக்கு மாறினார். உயிருள்ளவரை என்று செய்த சத்தியம், சொத்துத் தகராறில் இடம் மாறியது. யாரும் அதிர்ச்சி அடைந்ததாகத் தெரியவில்லை. ஏனென்றால் அதற்குள் சபை என்பதே மாறிப்போயிருந்தது. 1496-லேயே கிறிஸ்து சபை வீரர்களுக்குத் திருமணத் தடை நீக்கப்பட்டுவிட்டது. துறவு போய், அங்கி மட்டும் மிச்சம்.

மாறியும் உடனே பலன் இல்லை. ஏறத்தாழ 20 வருஷம் அவருக்குப் பெரிய பொறுப்பு எதுவும் வரவில்லை. அல்புகெர்க் போன்றவர்கள் கோவாவையும் மலாக்காவையும் பிடித்துப் பெயர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1518-ல் காமா நாட்டைவிட்டே போக அனுமதி கேட்டார். முந்தின வருடம்தான் மகல்லன் மனக்கசப்போடு ஸ்பெயினுக்குப் போயிருந்தார். இன்னொருவரையும் இழக்க மானுவல் தயாராக இல்லை. 1519 கடைசியில் காமா விதிகேரா பிரபு ஆனார். ராஜினாமா கடிதத்துக்குக் கிடைத்த கவுன்டர் ஆஃபர்.

மலையில் விளைந்தது, கடலில் போனது

இதற்கிடையே நம்ம பக்கம் என்ன நடந்தது? கோழிக்கோட்டோடு பகைத்துக்கொண்ட போர்த்துகீசியர்கள், சாமூதிரிக்கு அடங்கிக் கிடந்த கொச்சி அரசரிடம் ஒட்டிக்கொண்டார்கள். கொச்சிக்கு மிளகு எங்கிருந்து வந்தது? கிழக்கு மலையடிவாரத்திலிருந்து. இன்றைய தொடுபுழாவையும் சேர்த்து ஆண்ட வடக்கும்கூர் அரசை போர்த்துகீசியர்கள் மிளகு ராஜ்ஜியம் என்றே அழைத்தார்கள். பெரியாறும் மூவாற்றுப்புழையும் மிளகைப் படகுகளில் கீழே கொண்டுவந்தன.

போர்த்துகீசியர்கள் விலையைக் கட்டி வைத்தார்கள். கட்டிய விலை சந்தை விலையைவிடக் குறைவு. விளைவித்தவர்களும் வணிகர்களும் என்ன செய்வார்கள்? பொதிமாடுகளில் ஏற்றி, மலைக் கணவாய்கள் வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கம் அனுப்பினார்கள். கடலில் அனுமதிச் சீட்டு இல்லாத கப்பலைப் பிடிக்கலாம், மூழ்கடிக்கலாம். மலையில் போகும் மாட்டை யார் பிடிப்பது? கிழக்கே கசியும் இந்த மிளகைப் பற்றிப் போர்த்துகீசிய அதிகாரிகள் தொடர்ந்து புலம்பியிருக்கிறார்கள். நீங்கள் இன்று வார இறுதிக்கு ஏறி இறங்கும் மலைப்பாதைகள், சிலுவைக் கொடியின் கை எட்டாத இடமாக அன்று இருந்தன.

கொச்சியில் முடிந்த வாழ்க்கை

1521-ல் மானுவல் இறந்தார். மகன் மூன்றாம் ஜோவாவோ பார்த்தபோது இந்தியாவில் இருந்த அதிகாரிகள் அரசு வேலையை விட்டுவிட்டுச் சொந்த வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். ஒழுங்குபடுத்த ஒரு கண்டிப்பான ஆள் தேவை. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த, அல்லது தாண்டிவிட்ட காமாவை 1524-ல் வைஸ்ராயாக அனுப்பினார்.

செப்டம்பரில் வந்து இறங்கியவர் வேகமாக வேலையைத் தொடங்கினார். பழைய ஆளுநரைப் பதவி நீக்கினார், கணக்குகளைக் கிளறினார். உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1524 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், கொச்சியில் இறந்தார். மூன்று மாதப் பதவி.

ஃபோர்ட் கொச்சியில் புனித பிரான்சிஸ் ஆலயத்தில் அவரைப் புதைத்தார்கள். 1530-களின் இறுதியில் எலும்புகளைப் போர்த்துகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். இன்று அங்கே கம்பி வேலிக்குள் நீங்கள் பார்ப்பது வெறும் இடம். ஆலயமும் கைமாறியது. 1663-ல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்களிடம், பிறகு ஆங்கிலேயரிடம், இப்போது தென்னிந்தியத் திருச்சபையிடம்.

அவர் மகன்களில் ஒருவரான கிறிஸ்தோவாவோ 1541-ல் 400 பேரோடு எத்தியோப்பியாவுக்குப் போனார். அப்பா தேடிய பிரஸ்டர் ஜானின் நாடு அதுதான் என்று அதற்குள் முடிவாகியிருந்தது. அங்கே பேரரசர் படையெடுப்பில் தத்தளித்துக்கொண்டிருந்தார். ஐரோப்பாவைக் காப்பாற்றுவார் என்று நம்பப்பட்டவரைக் காப்பாற்ற ஐரோப்பியர்கள் போக வேண்டியிருந்தது. 1542-ல் பிடிபட்டு, கிறிஸ்தோவாவோ தலை வெட்டப்பட்டு இறந்தார்.

கடைசியில் சபைக்கு என்ன ஆனது?

டெம்ப்ளர்களைப் போல நெருப்பில் முடியவில்லை. மெதுவாக உள்ளீடற்றுப் போனது. 1529-ல் மூன்றாம் ஜோவாவோ தோமரில் இருந்த துறவிகளை வெளியே வராத மடத்துத் துறவிகளாக மாற்றினார். ஜெபம் ஒரு பக்கம், வாள் ஒரு பக்கம் என்று பிரிந்தது. 1551-ல் கிறிஸ்து, சந்தியாகு, அவிஸ் ஆகிய மூன்று சபைகளின் தலைமையையும் போப்பாண்டவர் போர்த்துகீசிய அரசருக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார். காமா ஒரு சபையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டியிருந்த போட்டியே இதோடு அர்த்தமற்றுப் போனது.

சபையின் சிலுவை அரசர் தரும் பரிசானது. நம் பக்கத்துக்கும் வந்தது. கோழிக்கோட்டிலிருந்து லிஸ்பன் போய்க் கிறிஸ்தவரான ஜோவாவோ த குரூஸ் என்ற வணிகர் 1515 வாக்கில் கிறிஸ்து சபை வீரராக்கப்பட்டார். 1530-களில் தூத்துக்குடிக் கடற்கரைப் பரதவர்கள் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடியபோது நடுவில் நின்று பேசியவர் இவர்தான். முத்துக்குளித்துறை கத்தோலிக்கமானதில் இந்தச் சபைச் சிலுவை அணிந்த ஒரு மலையாளிக்குப் பங்கு உண்டு.

1456-ல் சபைக்குக் கிடைத்த திருச்சபை அதிகாரமும் அரசர் கைக்குப் போய், பதுருவாதோ என்ற உரிமையாக நின்றது. அந்த உரிமையின்கீழ் வந்த கோவா பேராயர் 1599-ல் உதயம்பேரூரில் சங்கம் கூட்டி, கேரளத்தின் பழைய தோமா கிறிஸ்தவர்களை லத்தீன் முறைக்கு இழுத்தார். பொறுத்துப் பார்த்தவர்கள் 1653-ல் மட்டாஞ்சேரியில் கூனன் குருசு சத்தியம் செய்து எதிர்த்தார்கள். சிலுவையின் பெயரால் வந்தவர்களுக்கு எதிராக, ஒரு சிலுவையைத் தொட்டே செய்த சத்தியம்.

1834-ல் போர்த்துகல் துறவற மடங்களை மூடியது. 1910-ல் குடியரசு வந்ததும் சபைப் பட்டங்களும் போயின. பிறகு கிறிஸ்து சபை ஒரு அரசு விருதாகத் திரும்ப வந்தது. இன்றும் போர்த்துகல் அதிபர் அதை வழங்குகிறார். 900 வருஷத்துக்கு முன் சாகத் துணிந்தவர்கள் அணிந்த சிலுவை, இன்று கோட்டில் குத்தும் பதக்கம்.

நமக்கு என்ன மிச்சம்?

வீட்டுக்குள் சுற்றிப் பாருங்கள். ஜன்னல், அலமாரி, சாவி, மேஜை எல்லாம் போர்த்துகீசியச் சொற்கள். மிளகைத் தேடி வந்தவர்கள் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஒரு காய்க்கு மிளகின் பெயரையே ஒட்டி மிளகாய் என்று அழைத்தோம். இன்று நம் குழம்பில் மிளகை ஓரம்கட்டியது அதுதான்.

இன்னொன்று. போடிநாயக்கனூரிலும் வண்டன்மேடு பக்கத்துப் புற்றடியிலும் ஏலக்காய் ஏலம் நடக்கிறதே, அந்த இரண்டு சொல்லையும் கவனித்திருக்கிறீர்களா? முதல் ஏலம் நம் மலையில் விளைந்தது. இரண்டாவது ஏலம் லெய்லாவோ என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. விளைவிப்பவரின் மொழியும் விலை வைப்பவரின் மொழியும் ஒரே உச்சரிப்பில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

அடுத்த முறை ஃபோர்ட் கொச்சி போனால் அந்தக் கம்பி வேலிக்கு முன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஒரு மார்க் கேள்விக்கான பதில் அங்கே கிடைக்கும். 'மீரி' கப்பலில் எரிந்துபோனவர்களுக்கு அப்படி ஒரு இடம்கூட இல்லை. அவர்களையும் சேர்த்து நினைத்துக்கொண்டால்தான் அந்த ஒரு மார்க் முழுதாகும்.